நெஞ்சுக்கு மூளை பாடும் தாலாட்டு

மாரடைப்பு என்னும் சொல்லைக் கேட்டதும் நம் கை தானாகவே நெஞ்சுக்குப் போகிறது. தலையில் கைவைத்து உட்காருகிறவர்கள் உறவினர்கள்தாம். நோய் இதயத்தில், ஆதலால் மருந்தும் கவலையும் இதயத்தைப் பற்றியே இருக்க வேண்டும் என்பது நாம் நெடுங்காலமாகக் கொண்டுள்ள எண்ணம். ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் மருத்துவ ஆராய்ச்சியாளர் மெல்ல மெல்ல வேறொரு செய்தியைக் கூறத் தொடங்கியுள்ளனர். இதயத்தின் தசை புண்பட்டவுடன், மூளைக்குள் குடியிருக்கும் மிகச் சிறிய காவல் உயிரணுக்கள் அதனை அறிந்துகொள்கின்றன. அறிந்து, தம் பணியைத் தொடங்குகின்றன. அப்பணிகளுள் ஒன்று, நோயாளியைத் தூங்க வைப்பது. அந்தத் தூக்கத்தைக் கலைத்தால் இதயம் ஆறுவதும் கெடுகிறது.

பொருநைக் கரையில் வாழும் நமக்கு இச்செய்தி சற்று உறுத்தலாகவே இருக்கும். ஏனெனில், நோயாளியைத் தூங்க விடும் வழக்கம் நம்மிடம் மிகக் குறைவு. ஒருவர் மாரடைப்பிலிருந்து தப்பி வீடு திரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் அம்பாசமுத்திரத்து மைனி வந்துவிடுவார். மதியம் சேரன்மகாதேவியிலிருந்து மச்சான் குடும்பம். மாலையில் பங்கு மக்கள். இரவு எட்டு மணிக்குமேல், வேலை முடித்து வரும் அக்கம்பக்கத்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் அலமாரியில் நிறையும். "அண்ணாச்சி, ரொம்ப மெலிஞ்சு போயிட்டீயளே! எந்தப் பக்கம் வலிச்சுது?" என்று ஒவ்வொருவரும் கேட்க, அவர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சற்றே கண்ணயர்ந்தாலும், "பாக்க வந்திருக்காவ, எந்திரிங்க" என்று வீட்டாரே எழுப்புவர். தூங்குகிறவரை எழுப்பாமல் போவது வந்தவருக்கு மரியாதைக் குறைவு என்பது நம் கணக்கு.

நோயுற்றோரைப் பார்க்கச் செல்வது இரக்கச் செயல்களுள் ஒன்றென்று சிறு வயதிலேயே நாம் மனனம் செய்தவர்கள். அதனைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. எப்பொழுது, எவ்வளவு நேரம் என்பதையே இங்கு எண்ணிப் பார்க்கிறோம்.

மூளையின் வயற்காவலர்

மூளை என்றால் நரம்பணுக்களே என்று நாம் படித்திருக்கிறோம். நரம்பணுக்களுக்கு இடையில் வேறு உயிரணுக்களும் நெருங்கி நிறைந்துள்ளன. ஜெர்மானிய மருத்துவ மேதை விர்ச்சோ 1856-இல் இவற்றுக்கு இட்ட பெயரின் பொருள் 'நரம்புப் பசை'. ஒட்டி வைப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவை என்றே நெடுநாள் எண்ணினர். ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் பியோ தெல் ரியோ ஓர்த்தேகா என்பவர், வெள்ளிக் கார்பனேட்டைக் கொண்டு மூளைத் துண்டுகளுக்குச் சாயமேற்றும் ஒரு புதிய முறையைக் கண்டார். அச்சாயத்தில், அதுவரை எவர் கண்ணுக்கும் தெளிவாகப் படாத ஒருவகைச் சிற்றணு, மரக்கிளை போன்ற கைகளை நாற்புறமும் நீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. 1919-இல் அவர் அதற்கு மைக்ரோகிளியா என்று பெயரிட்டார். தாய்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டதால் ஊரைவிட்டு வெளியேறி, 1945-இல் தொலைதூரத்துப் புவனோஸ் அயர்ஸ் நகரில் அவர் காலமானார். அவர் கண்ட அணுவின் பெருமையை உலகம் உணர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

மைக்ரோகிளியா பிறப்பால் மூளையைச் சேர்ந்தவை அல்ல. நோய் எதிர்ப்புப் படையின் உறவினர் அவை. கரு உருவாகும் தொடக்க நாட்களில், கருவை ஒட்டியுள்ள மஞ்சட்கருப் பையில் தோன்றி, மூளை உருவாகும்போதே அதனுள் குடியேறி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிடுகின்றன. எலிக் கருக்களில் இதனை ஆராய்ச்சியாளர் 2010-இல் உறுதிப்படுத்தினர். அதற்கு ஐந்தாண்டு முன்னரே, உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் நோக்கியவர்கள் ஒரு வியப்பைக் கண்டிருந்தனர். எந்த நோயும் காயமும் இல்லாத வேளையிலும் இவ்வணுக்கள் தம் கைகளை நீட்டியும் மடக்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்தபடியே இருந்தன. சில மணி நேரத்தில் மூளையின் ஒவ்வொரு மூலையும் ஒருமுறை தடவப்பட்டுவிடுகிறது. அறுவடைக் காலத்தில் கையில் டார்ச் விளக்குடன் வரப்பு வரப்பாய் இரவெல்லாம் சுற்றிவரும் வயற்காவலரை நாம் அறிவோம். ஏறக்குறைய அதே வேலைதான்.

கிருமி நுழைந்தால் விழுங்குவது, மாண்ட அணுக்களை அப்புறப்படுத்துவது, ஆபத்து என்றால் இரசாயனக் குரல் எழுப்பிப் பிறரை அழைப்பது ஆகியவை இக்காவலரின் தொழில்கள். இவர்களுக்கும் ஒரு முழத்துக்கு அப்பால் நெஞ்சுக்குள் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

புண்பட்ட இதயமும் விழிப்புற்ற மூளையும்

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால், அக்குழாயை நம்பியிருந்த தசை மூச்சு முட்டி மடியத் தொடங்குகிறது. மடிந்த தசையை அகற்ற இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் அங்கு விரைகின்றன. துப்புரவு முடிந்தபின் அவ்விடத்தில் வடு உருவாகி இதயச் சுவர் நிலைபெற வேண்டும். இதில் அளவு முக்கியம். வெள்ளணுக்கள் போதாவிடில் துப்புரவு நடவாது. மிகுந்து வந்து குவிந்தாலோ, நல்ல தசையும் சேதமுற்று, சுவர் மெலிந்து, இதயம் பருத்துத் தளர்ந்துவிடும்.

இந்த அளவைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் நரம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அச்சம், சினம், ஓட்டம் ஆகிய வேளைகளில் இதயத்தை விரட்டுவது பரிவு நரம்பு மண்டலம். பெயரில்தான் பரிவு. புண்பட்ட இதயத்துக்கு இது சாட்டையடி போன்றது. மாரடைப்புக்குப் பின் பலருக்கும் மருத்துவர் எழுதித் தரும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளின் வேலையே அச்சாட்டையைத் தடுப்பதுதான். அந்நரம்புகளின் தலைமையிடங்களுள் ஒன்று மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ். அங்கும் நம் வயற்காவலர் உண்டு.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர ஆராய்ச்சியாளர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பு உண்டாக்கப்பட்ட எலிகளின் ஹைப்போதலாமஸில் இக்காவல் அணுக்கள் விழிப்புற்றிருந்தன. கைகளைச் சுருக்கி, உடல் பருத்து, சண்டைக்கு நிற்கும் தோற்றத்தில் அவை காணப்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார், இரத்தக் கொதிப்பு உண்டாக்கப்பட்ட எலிகளிலும் இதனையே கண்டனர். அவ்வணுக்களை அடக்கும் மருந்தை மூளைக்குள் செலுத்தியபோது எலிகளின் இரத்த அழுத்தம் தணிந்தது. மனிதரின் மூளையைத் துண்டு போட்டுப் பார்க்க முடியாதன்றோ? ஜெர்மனியின் ஹனோவர் நகர மருத்துவர்கள் அதற்கும் ஒரு வழி கண்டனர். விழிப்புற்ற காவல் அணுக்களில் சென்று ஒட்டும் கதிரியக்கப் பொருளை ஊசிவழி செலுத்தி, இதயத்தையும் மூளையையும் ஒருசேரப் படமெடுத்தனர். மாரடைப்புக்கு ஒரு வாரத்துக்குப் பின் எலிகளின் இதயம் மட்டுமன்றி மூளையும் படத்தில் ஒளிர்ந்தது. சில வாரங்கள் கழித்து, இதயம் தளர்ந்தபோது, மூளை மீண்டும் ஒளிர்ந்தது. நோயாளிகள் மிகச் சிலரிடமும் முதற்கட்டத்தில் இதே அறிகுறி தென்பட்டது. இது 2018-இல் வெளிவந்த ஆய்வு.

இவ்வாறு, மூளையின் காவலரால் இதயத்துக்குக் கேடே விளைகிறது என்ற முடிவுக்குப் பலரும் வந்துகொண்டிருந்த வேளையில், நியூயார்க்கிலிருந்து ஒரு புதுமை வந்தது.

படகு அழைத்த காவலர்

மவுன்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த ஐக்கான் மருத்துவக் கல்லூரியில், கேமரன் மக்கால்பைன் என்பவரின் குழுவினர் செய்த ஆய்வு, 2024 அக்டோபர் இறுதியில் நேச்சர் இதழில் வெளிவந்தது. அவர்கள் கேட்ட கேள்வி எளியது. மாரடைப்பு வந்த உயிர் எவ்வாறு தூங்குகிறது?

எலிகளின் மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தனர். மாரடைப்புக்குப் பின் அவற்றின் ஆழ்ந்த தூக்கம் மிகுந்திருந்தது. தூக்கத்தில் பல படிகள் உண்டு. கனவு காணும் தூக்கம் ஒன்று. மின்னலைகள் மெதுவாகவும் பெரிதாகவும் உருண்டுவரும் ஆழ்தூக்கம் மற்றொன்று. மிகுந்தது இந்த ஆழ்தூக்கமே. களைப்பினால் தூங்கியிருக்கலாம் என்று விட்டுவிடாமல் அவர்கள் மூளைக்குள் நோக்கினர்.

அங்கே கண்டதைச் சொல்ல நம் பள்ளத்தாக்கிலேயே ஓர் உவமை இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை எளிதில் மறந்துவிட மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஊர்கள் தீவுகளாயின. உள்ளூர்க் காவலர் மட்டும் செய்யக்கூடிய மீட்புப் பணியா அது? கடற்கரை மீனவர்கள் படகுகளுடன் வந்து மக்களைக் கரை சேர்த்தனர். வயலும் தெருவுமான இடத்தில் கடற்படகு ஓடிற்று. மூளையிலும் ஏறக்குறைய அதுவே நடந்தது. இரத்தத்தில் திரியும் மோனோசைட் என்னும் வெள்ளணுக்கள் வழக்கமாக மூளைக்குள் நுழைவதில்லை. மாரடைப்பின் செய்தி கிடைத்தவுடன், மைக்ரோகிளியாக் காவலர் இரசாயனக் குரல் கொடுத்து அவற்றை உள்ளே வரவழைத்தனர். மூளை நீரைச் சுரக்கும் இரத்தக் குழாய்ப் பின்னலின் வழியே அவை நுழைந்து, தலாமஸ் என்னும் பகுதியின் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்தன. அங்கு டி.என்.எஃப். என்ற பொருளைச் சுரந்தன. அப்பொருள் அங்குள்ள நரம்பணுக்களைத் தொட்டதும் ஆழ்தூக்கம் வந்தது.

டி.என்.எஃப். என்பது அழற்சியைத் தூண்டும் பொருள். மூட்டுவாதத்தில் மூட்டுகளை அரிப்பதும் இதுவே. அதனை அடக்க விலையுயர்ந்த ஊசிகள் உண்டு. தளர்ந்த இதயத்திலும் இது மிகுந்திருப்பதைக் கண்டு, அதே வகை ஊசிகளை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இதயநோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தனர். பயன் கிட்டவில்லை. ஒரு சோதனையில் மிகுந்த அளவு ஊசி பெற்றோருக்குத் தீங்கே விளைந்தது. ஒரே பொருள் ஓரிடத்தில் புண்ணையும் மற்றோரிடத்தில் துயிலையும் தருவது நமக்குப் புதிதன்று. காய்ச்சல் கண்ட குழந்தை தூங்கித் தூங்கி விழுவதைத் தாய்மார் அறிவர். அதற்கும் இத்தகைய பொருள்களே காரணம்.

அத்தூக்கத்தால் விளையும் நன்மை என்ன? ஆழ்தூக்கத்தில் பரிவு நரம்புகள் அடங்குகின்றன. சாட்டை ஓய்கிறது. இதயப் புண்ணில் வந்து குவியும் வெள்ளணுக்களின் கூட்டம் அளவோடு நிற்கிறது. புண் ஒழுங்காக ஆறுகிறது. ஆராய்ச்சியாளர் சில எலிகளின் தூக்கத்தை விடாது கலைத்துப் பார்த்தனர். அவற்றின் இதயத்துக்குச் செல்லும் பரிவு நரம்புகள் கொதித்தெழுந்தன. வெள்ளணுக்கள் மிகுந்து குவிந்தன. இதயத் துடிப்பு தாறுமாறாயிற்று. இதயத்தின் வலிமையும் குன்றிற்று.

மனிதரிடம்? மாரடைப்பு வந்து ஓரிரு நாளில் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தபோது, அங்கும் மோனோசைட் அணுக்கள் மிகுந்திருந்தன. மேலும், மாரடைப்பு நோயாளிகள் எண்பது பேர் அளவில், முதல் நான்கு வாரங்களில் எவ்வாறு தூங்கினர் என்பதைக் குறித்துக்கொண்டு, இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். நன்றாகத் தூங்காதோருக்கு மீண்டும் இதய நோய் தாக்கும் வாய்ப்பு, நன்றாகத் தூங்கியோரைவிட இருமடங்காக இருந்தது. தூங்கியோரின் இதய வலிமை நன்கு மீண்டது. தூங்காதோருக்கு மீட்சி சிறிதே, சிலருக்கு அதுவும் இல்லை.

இதனை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். எண்பது பேர் என்பது சிறு கூட்டம். இதயம் மிகவும் கெட்டுப்போனவர்கள் மூச்சுத் திணறலால் தூங்க முடியாதிருந்திருக்கலாம். அப்படியாயின் தூக்கக் கேடு காரணமாகாது, விளைவே ஆகும். எலியின் மூளையில் நடப்பதெல்லாம் மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று உறுதி கூறவும் இயலாது. ஆயினும் எலியின் மூளை, இறந்தோரின் மூளை, வாழ்வோரின் தூக்கம் ஆகிய மூன்று சாட்சிகளும் ஒரே திசையைக் காட்டும்போது, காசு செலவில்லாத இம்மருந்தை நோயாளிக்கு மறுப்பானேன் என்றே நாம் கேட்போம்.

படுக்கை வேறு, தூக்கம் வேறு

தூக்கம் நல்லது என்றவுடன், "நாங்கள் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை" என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. இது வேறு. ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் அசையாமல் படுக்க வைப்பதே வைத்தியமாக இருந்தது. தாமே உணவு உண்ணவும் விடமாட்டார்கள். 1952-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் லெவின், லவுன் இருவரும், நோயாளிகளை முதல் வாரத்திலேயே சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. நாளடைவில் அவர்கள் கூற்றே வென்றது. அசையாது படுத்தவர்களின் கால் சிரைகளில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிரைக் குடித்த கதைகள் பல. இன்று சிக்கலற்ற மாரடைப்பு நோயாளியைச் சில நாட்களிலேயே நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர்.

ஆக, பகலில் மருத்துவர் சொன்ன அளவு நடை; இரவில் கலையாத தூக்கம். நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். பகலெல்லாம் கட்டிலில் சாய்த்து வைத்து, இரவெல்லாம் விழிக்க வைக்கிறோம்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு அப்பால்

நம் பக்கத்தில் மாரடைப்பு வந்தவர் ஆஸ்பத்திரி சேரும் வரையிலான பாடு, முன்னைவிட எவ்வளவோ குறைந்திருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. 2019 ஜனவரியில் அங்கு உயர் சிறப்புச் சிகிச்சைப் பிரிவு திறக்கப்பட்டது. 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. பாபநாசத்திலிருந்து ஹைகிரவுண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். வழியிலேயே உயிர் போகாதிருக்க, 2023-இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோப்பிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. சிற்றூர் மருத்துவமனைகளையும் பெருமருத்துவமனைகளையும் ஒரே சங்கிலியாகக் கோத்தால் என்ன பயன் என்று 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2,420 நோயாளிகளைக் கணக்கில் கொண்ட அதன் முடிவு 2017-இல் வெளிவந்தது. மாரடைப்பு வந்து ஓராண்டுக்குள் இறப்போர், நூற்றுக்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர்.

குறைந்த பின்னும் நூற்றுக்கு 14 பேர். இந்த ஓராண்டின் பெரும்பகுதியை நோயாளி கழிப்பது ஆஸ்பத்திரியில் அல்ல, நம் வீட்டில். அங்கே மருத்துவரும் இல்லை, தாதியும் இல்லை. இருப்பவர்கள் நாமே.

வீடுகளின் நிலையையும் சொல்லத்தான் வேண்டும். விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இரவு ஷிப்டைப் பார்த்தவை. முக்கூடல், ஆலங்குளம், பேட்டைப் பக்கங்களில் பீடி சுற்றும் பெண்கள், சமையலும் பிள்ளைகளும் அடங்கிய பின்பு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை உட்காருகின்றனர். ஒற்றை அறை வீடு. விளக்கை அணைத்தால் கூலி போயிற்று. அணைக்காவிட்டால் கணவரின் தூக்கம் போயிற்று. கட்டுரை எழுதுவோர் "தனி அறையில் படுக்க வையுங்கள்" என்று எழுதிவிடுவது எளிது. நாம் அவ்வாறு எழுத மாட்டோம். ஆழ்தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்று, நான்கு மணி நேரத்தில் வருவது. ஆகவே அந்நேரத்துக்கு மட்டுமேனும் பீடி முறத்தைப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு மாற்றலாம். பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைக்கலாம். தொலைக்காட்சித் தொடர் ஒரு மாதத்துக்கு இல்லாவிடில் குடி முழுகிவிடாது. அந்தத் தாய்க்கும் தூக்கம் வேண்டும் என்பதை உறவினர் நினைத்து, ஒரு வாரத்துக்குரிய பீடியில் பாதியைத் தாங்கள் சுற்றிக் கொடுத்தால், பத்து ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு அது மேல்.

இனி ஒலிபெருக்கிக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கென ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். குடியிருப்புப் பகுதியில் இரவில் ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. சட்டம் இது. நம் ஊர்களின் நடைமுறை யாவரும் அறிந்ததே. நம் கோவில் திருவிழாவின் சப்பரப் பவனியாயினும், அம்மன் கோவில் கொடையாயினும், கல்யாண வீடாயினும், கூம்புக் குழாய்க்கு மதம் இல்லை. பத்து நாள் திருவிழா என்றால் பத்து இரவும் அந்தத் தெருவில் இதயநோயாளி விழித்திருக்கிறார். விழாக் குழுவினர் முன்னதாகவே தெருவில் யார் யார் நோயாய்க் கிடக்கிறார்கள் என்று விசாரித்து, அந்த வீட்டுப் பக்கத்துக் குழாயை அவிழ்த்துவிட்டால், திருவிழாவின் சிறப்பு ஒரு துளியும் குறையாது.

பார்க்க வருவோரைப் பற்றி முன்னரே சொன்னோம். வருகிறவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை என்று ஒரு நேரம் வைத்து, பங்கில் சொல்லிவிடலாம். வீட்டில் ஒருவர் திண்ணையில் அமர்ந்து வந்தவர்களை வரவேற்று, நடந்ததை அவரே சொல்லிவிட்டால் நோயாளி பத்து முறை சொல்ல வேண்டியதில்லை. "தூங்குறாவ, எழுப்பல, வந்ததைச் சொல்லுதேன்" என்றால் கோபிக்கும் உறவினர் ஒருவர் இருவர் இருப்பர். அடுத்த முறை கோபிக்க மாட்டார்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் போன்றோர், கட்டிலருகே அமர்ந்து பேசுவதற்குப் பதிலாக, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மறுபரிசோதனைக்கு ஆட்டோ ஏற்பாடு செய்வது ஆகியவற்றை மேற்கொண்டால் அந்தக் குடும்பம் என்றும் நினைத்திருக்கும்.

மற்றொன்று, அச்சம். தூக்கத்திலேயே உயிர் போய்விடுமோ என்ற பயத்தில், இரவில் ஒரு மணிக்கொரு தடவை கணவரின் நெஞ்சில் கைவைத்துப் பார்க்கும் மனைவியர் உண்டு. மூச்சு வருகிறதா என்று தட்டி எழுப்பிப் பார்ப்போரும் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் ஒழுங்கான மூச்சுடன், வேர்வையின்றி, அமைதியாகத் தூங்குகிறவரை எழுப்ப எந்தத் தேவையும் இல்லை. அந்த அம்மையாரும் அருகிலேயே படுத்து உறங்கலாம்.

எல்லாத் தூக்கமும் நலந்தரும் தூக்கம் அன்று என்பதையும் அறிந்திருத்தல் நலம். எழுப்பினாலும் தெளியாத மயக்கம், குளிர்ந்த வேர்வை, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருதல், பேச்சுக் குழறல், மீண்டும் நெஞ்சு இறுக்கம், இவற்றுள் எது தோன்றினாலும் அது நள்ளிரவாயினும் 108-ஐ அழைக்க வேண்டும். உரத்த குறட்டையும், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பதும் தனி நோய்; அதற்கு வைத்தியம் உண்டு. தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கலாகாது. நீர் பிரியும் மாத்திரையை மாலையில் விழுங்கிவிட்டு இரவில் நான்கு முறை எழுந்திருப்போர் பலர். அதைக் காலையில் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். சிலருக்கு மெட்டோப்ரோலால் வகை மாத்திரையால் கெட்ட கனவுகள் வருவதுண்டு. அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவது பேராபத்து. மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், என்ன சாப்பிடலாம், உப்பு எவ்வளவு என்றெல்லாம் கேட்கிறோம். எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, இரவில் தூக்கம் வராவிட்டால் என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகளையும் சீட்டில் எழுதி எடுத்துச் சென்று, அவற்றின் பதிலையும் அதே சீட்டில் குறித்து வாங்கி வர வேண்டும்.